கன்னம் வைத்த சுவர்

நுரையீரல் மிதக்கும். ஃபார்மலின் வாளியில் கல்லீரலைப் போட்டால் கல்லாய் இறங்கும். சிறுநீரகம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நுரையீரல் மட்டும் மேலே வந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே காற்று இருக்கிறதே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் மருந்து ஏறாது, மறுநாளே நாற ஆரம்பித்துவிடும். அதனால் பஞ்சை ஃபார்மலினில் நனைத்து அதன்மேல் போர்த்த வேண்டும். 1984இல் தென்மாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில், திசுக்களை ஸ்லைடாக்கும் லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் வாரம் நான் படித்த பாடம் இதுதான். மூத்த டெக்னீஷியனை நாங்கள் அண்ணன் என்றே கூப்பிடுவோம். சாயங்காலம் பூட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாப்பா, நுரையீரலுக்குப் போர்வை போத்திட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

நான் சின்னாளபட்டிக்காரி. அப்பா சாயத் தொட்டியில் நின்ற மனிதர். கை முழங்கை வரை என்றைக்கும் ஏதோ ஒரு நிறமாக இருக்கும். லேபில் சேர்ந்த பிறகு என் விரல் நுனிகளும் ஊதாவும் ரோஜாவும் ஆகிவிட்டன. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பா என் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீயும் இதுக்கேதான் வந்து சேர்ந்தியா?" என்றார். அது உண்மை என்று எனக்கே புரியப் பல வருஷம் ஆயிற்று. மைக்ராஸ்கோப்பில் தெரியும் மருத்துவம் முழுக்கச் சாயக்காரர்களின் தொட்டியிலிருந்து வந்தது.

நுரையீரல் ஸ்லைடு ஒன்றை முதன்முதலில் நானாகப் பார்த்தபோது, கொசுவலையைத் தவறிப்போய் வெட்டி ஒட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். கண்ணுக்குக் கண் வெறும் ஓட்டை. ஒரு மனிதரின் நுரையீரலில் சராசரியாக 48 கோடி காற்றறைகள் இருப்பதாக 2004இல் எண்ணிச் சொன்னார்கள். ஒவ்வோர் அறையும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவர் ஒரு மைக்ரானைக்கூடத் தொடாது. நாங்கள் வெட்டும் மெழுகு ரிப்பனே 4 மைக்ரான் தடிமன். அதைவிட மெல்லிய சுவர்கள் உள்ள ஒரு மாளிகையைத்தான் மெழுகில் நிறுத்தி வெட்டுகிறோம்.

அந்த ஸ்லைடில் ஓர் ஓரத்தில் புற்று. எங்கள் நோயியல் டாக்டரான மேடம் பார்த்தார், தலையை நிமிர்த்தாமலே, "எலாஸ்டிக் ஒண்ணு போட்டுக் குடும்மா" என்றார். செல்தான் ஊதாவில் பளிச்சென்று தெரிகிறதே, இன்னும் எதற்கு இன்னொரு சாயம் என்று கேட்டேன். புதிதாய் வந்தவளின் அசட்டுத் துணிச்சல். மேடம் கோபப்படவில்லை. "திருடனைத்தான் நீ காட்டியிருக்கே. கன்னம் வச்சானா இல்லையான்னு சுவரைப் பாத்தாத்தானே தெரியும்? எனக்குச் சுவரைக் காட்டு" என்றார்.

அடுத்த முப்பத்தைந்து வருஷம் நான் செய்தது அதைத்தான். நுரையீரல் புற்று எப்படிப் பரவுகிறது என்று உலகம் தெரிந்துகொண்ட கதையை இந்தச் சுவர் வழியாகவே எனக்குச் சொல்லத் தெரியும்.

புற்றுக்கட்டியும் செல்களால் ஆனதுதான் என்று 1838இல் பெர்லினில் யொஹானஸ் முல்லர் காட்டினார். அவருடைய மாணவர் ருடால்ஃப் விர்ஷோ 1858இல் நோய்களையெல்லாம் செல்லுக்குள் கொண்டுவந்து வைத்தார். ஆனால் புற்று எங்கே பிறக்கிறது என்பதில் விர்ஷோவே சறுக்கினார். உறுப்புகளைத் தாங்கி நிற்கும் இணைப்புத் திசுவிலிருந்து அது முளைக்கிறது என்று நம்பினார். அது மேல்பூச்சிலிருந்து புறப்பட்டுச் சுவருக்குள் போகிறது என்பதை 1865இல் தோல் புற்றில் காட்டியவர் கார்ல் தீர்ஷ். மற்ற உறுப்புகளிலும் அப்படித்தான் என்று 1867இல் சொன்னவர் ப்ரெஸ்லாவில் இருந்த வால்டையர். உறுப்பின் உள்பூச்சாக இருக்கும் செல்களே கட்டவிழ்ந்து, அடித்தளத்தைத் தாண்டி, இணைப்புத் திசுவுக்குள் இறங்கி, ரத்தத்தோடும் நிணநீரோடும் வேறிடம் போகின்றன என்றார். இன்றைக்கும் பாடம் அதுதான்.

வால்டையரை எனக்கு வேறொரு காரணத்துக்காகப் பிடிக்கும். லாக்வுட் என்னும் மரத்தின் சாயத்தைத் திசுவில் ஏற்றிப் பார்க்க 1863இல் முயன்றவர் அவர். மெக்சிகோவின் காம்பெச்சே கரையில் வளரும் மரம். அதற்கு முன் முந்நூறு ஆண்டுகளாகத் துணிக்குக் கறுப்பும் நீலமும் ஏற்ற ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது; அந்த மரத்துக்காகக் கடற்கொள்ளையர் அடித்துக்கொண்டார்கள். வால்டையருக்குச் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டே வருஷத்தில், 1865இல், ப்யோமர் அதில் படிகாரம் சேர்த்தார். பிடித்துக்கொண்டது. சின்னாளபட்டியில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள், படிகாரம் இல்லாமல் சாயம் நிற்குமா என்று. ஹெமடாக்ஸிலின் என்று நாங்கள் பாட்டிலில் ஊற்றி வைப்பது அந்த மரச்சாயம்தான். கூடவே போடும் ரோஜாநிற இயோசின் ஜெர்மன் சாயக் கம்பெனியில் ஹைன்ரிக் காரோ 1870களில் கண்டுபிடித்த பட்டுச் சாயம். 1876இல் இரண்டையும் சேர்த்தார்கள். இன்றுவரை உலகத்தில் எந்த லேபுக்குப் போனாலும் முதல் ஸ்லைடு அந்த ஊதாவும் ரோஜாவும்தான்.

ஃபார்மலின் வந்த கதையும் விரலில்தான் ஆரம்பிக்கிறது. ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளும் அதைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தார். தன் விரல் தோல் தடித்து இறுகிப்போனதைப் பார்த்து, அப்படியானால் இது திசுவையும் இறுக்குமே என்று 1893இல் எழுதினார். கையுறை பஞ்சமாக இருந்த என் ஆரம்ப நாள்களில் ப்ளும் கண்டதை நானும் தினம் கண்டேன்.

இனி ஒரு மலையூருக்குப் போக வேண்டும். ஜெர்மனியின் சாக்ஸனியில், தாது மலைத்தொடரில், ஷ்னேபெர்க் என்று ஓர் ஊர். பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளி கிடைத்து ஊரானது. வெள்ளி வற்றியதும் கோபால்ட் எடுத்தார்கள், பிஸ்மத் எடுத்தார்கள், நிக்கல் எடுத்தார்கள். கோபால்ட் எதற்கு? கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீலம் ஏற்ற. அதுவும் சாயத் தொழில்தான். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்கள் நடுவயதில் இருமி, இளைத்து, மூச்சு முட்டிச் சாவது பரம்பரை வழக்கமாகவே இருந்தது. மலைநோய் என்றார்கள். பாராசெல்சஸ் அதைப் பற்றி எழுதியது அவர் இறந்த பிறகு 1567இல் அச்சானது. பக்கத்து யோகிம்ஸ்தாலில் டாக்டராக இருந்த அக்ரிகோலா, கார்பேத்திய மலைச் சுரங்கங்களில் ஒருத்தியே ஏழு கணவர்களை மணந்து பறிகொடுத்ததுண்டு என்று 1556இல் வெளிவந்த நூலில் குறித்திருக்கிறார். எல்லாம் தூசியால், சளியால், சுரங்கத்துப் பேயால் என்றே பேச்சு. கோபால்ட் என்ற பேரே அந்தப் பேயின் பேர்தான்.

1879இல் இரண்டு டாக்டர்கள் இறந்தவர்களின் நெஞ்சைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் சுரங்க டாக்டர் ஹெர்ட்டிங். மற்றவர் அந்த வட்டாரத்து டாக்டர் வால்ட்டர் ஹெஸ்ஸே. (இந்த ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனிதான், கிருமி வளர்க்க ஜெலட்டின் உருகிப்போகிறது என்று புலம்பிய கணவரிடம், நான் ஜெல்லி செய்யும் கடற்பாசியைப் போட்டுப் பாருங்கள் என்றவர். ஜாவாவில் இருந்து வந்த பக்கத்து வீட்டாரிடம் கற்ற பக்குவம். உலகத்தின் எல்லாக் கிருமி லேப்களும் அகருக்காக அந்த அம்மாவின் அடுக்களைக்குக் கடன்பட்டவை. புருஷனின் ஆய்வுக்குப் படமும் வரைந்து கொடுத்தவர்.) ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளர் சாவில் நாலில் மூன்று இந்த நோயால், இது சளியோ காசமோ அல்ல, கட்டி என்று இருவரும் எழுதினார்கள். பாறைத் தூசியில் உள்ள ஆர்சனிக்கைக் குற்றம் சொன்னார்கள். ஒரு தொழில் உள்ளுறுப்பில் புற்றைக் கொடுக்கும் என்று முதலில் நிறுவியவர்கள் இவர்களே.

கட்டி என்பது சரி. என்ன கட்டி என்பதில்தான் கதை திரும்புகிறது. ஸ்லைடைப் பார்த்தவர்கள் நிணநீர்க் கணுவின் சார்க்கோமா என்று முடிவு கட்டினார்கள். அதாவது நுரையீரலில் பிறந்ததே அல்ல. நெஞ்சின் நடுவே மூச்சுக்குழலைச் சுற்றி நெறி கட்டுவதுபோல் வீங்கும் கணுக்களில் பிறந்து நுரையீரலைப் பிடித்தது என்று பொருள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வகைச் செல்லை நான் ஆயிரம் முறையாவது வெட்டியிருப்பேன். சின்னஞ்சிறு செல், உள்ளே கருவைத் தவிர வேறொன்றுமில்லை, பார்க்க நிணநீர்ச் செல்லின் தம்பி மாதிரியே இருக்கும். தொட்டால் நசுங்கும். ஊசியில் எடுத்த துணுக்கைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் மையை விரலால் இழுத்ததுபோல நீலக் கோடுகள்தான் மிஞ்சும். அது பரவும் விதமும் ஆளை ஏமாற்றும். மூச்சுக்குழலின் உள்பூச்சில் பிறந்துவிட்டு, பூச்சை அப்படியே அழகாக விட்டுவிட்டு, அதன் அடியில் இறங்கிப் படரும். மேலே பார்த்தால் சுவரில் கீறல் தெரியாது. நிணநீர்க் குழாய்கள் அடியில்தானே ஓடுகின்றன. அதில் ஏறிப் பக்கத்துக் கணுவுக்குப் போய், அங்கே குழல் தெரியாத அளவுக்குக் கொழுக்கும். திருடன் அடுத்த தெருவில் மாளிகை கட்டி உட்கார்ந்திருந்தால், அவன் பிறந்த குடிசையை யார் தேடுவார்கள்?

1913இல் வியன்னாவில் ஆர்ன்ஸ்டைன், ஷ்னேபெர்க் நோயாளியின் திசுவைப் பார்த்துவிட்டு இது சார்க்கோமா இல்லை, கார்சினோமா என்றார். அதாவது பூச்சில் பிறந்த புற்று. பிறகு 1926இல் இரண்டு பக்கமிருந்தும் முடிச்சு அவிழ்ந்தது. ட்ரெஸ்டனில் ஷ்மோர்லும் கூட்டாளிகளும் சுரங்கத் தொழிலாளரைப் பரிசோதித்து, இறந்தவர்களை அறுத்துப் பார்த்து, நுரையீரலிலேயே பிறக்கும் கார்சினோமா என்று எழுதினார்கள். அதே வருஷம் பார்னார்ட் என்ற ஆங்கிலேய நோயியலாளர், நெஞ்சு நடுவில் வரும் ஓட்ஸ் செல் சார்க்கோமா என்று அதுவரை பேர் பெற்றிருந்ததை எடுத்தார். செல் நீண்டு ஓட்ஸ் தானியம் போல இருப்பதால் அந்தப் பேர். பொறுமையாகத் தேடியபோது அதே செல்கள் சில இடங்களில் குழாய்போல வளைந்து அடுக்கி நின்றன. கணுவில் பிறந்த செல் குழாய் கட்டாது. பூச்சில் பிறந்ததுதான் கட்டும். பழைய பழக்கம் விடவில்லை என்று வையுங்கள். சார்க்கோமா என்ற பேர் அன்றோடு போனது.

காரணமும் அந்தக் காலத்திலேயே பிடிபட்டது. 1924இல் அந்தச் சுரங்கக் காற்றில் ரேடான் வாயுவை அளந்தார்கள். பாறையிலிருந்த யுரேனியத்திலிருந்து கசிந்த வாயு. 1925இல் ஜெர்மனி ஷ்னேபெர்க் நோயைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அதைத் தெரிந்துகொண்டும், இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் சோவியத்துகள் அதே மலையில் யுரேனியத்துக்காகவே சுரங்கம் தோண்டினார்கள். விஸ்முட் என்று அந்த நிறுவனத்துக்குப் பேர். அதன் தொழிலாளர்களையும் மற்றவர்களையும் சேர்த்து நடந்த பிரேதப் பரிசோதனைகள், ஏறத்தாழ 29,000, மெழுகுப் பிளாக்குகளாகவும் ஸ்லைடுகளாகவும் சேர்த்து வைக்கப்பட்டன. படித்தபோது அந்தக் கணக்கை விட, அத்தனையையும் வெட்டியது யார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஒரு பேரும் எங்கும் வராது. எங்கள் தொழிலில் அது வழக்கம்.

இன்னொரு ஸ்லைடு மலை அமெரிக்காவில் இருக்கிறது. நியூ ஜெர்சியின் ஈஸ்ட் ஆரஞ்சில், முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் ஆஸ்கர் அவர்பாக் என்ற நோயியலாளர். நோய் பெரிதாகி வந்து நிற்கும் இடத்தை எல்லோரும் பார்க்கிறார்களே, அது புறப்பட்ட வாசலை யார் பார்த்தார்கள் என்று கேட்டவர். கட்டியைக் கட்டோடு வைத்துவிட்டு, இறந்தவர்களின் மூச்சுக்குழல் மரம் முழுவதையும் அடியிலிருந்து நுனிவரை துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். 1961இல் வெளியான ஆய்வில் 402 ஆண்கள். ஓர் ஆளுக்கே பல பத்து ஸ்லைடு. எல்லாவற்றுக்கும் எண் மட்டும். புகைத்தவர் யார், புகைக்காதவர் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

அவர் கண்டதைப் படிப்படியாகச் சொல்லலாம். நல்ல மூச்சுக்குழலின் பூச்சில் மேல்வரிசைச் செல்களுக்கு மயிரிழைகள் உண்டு. சளியையும் தூசியையும் மேலே தள்ளும் துடைப்பம் அவை. புகைத்தவரிடம் முதலில் துடைப்பம் உதிர்கிறது. அடிவரிசைச் செல்கள் பெருகி அடுக்கு மேல் அடுக்காகின்றன. பிறகு அவை தோல்போலத் தட்டையாகின்றன. தட்டையானவற்றுக்குள் கருக்கள் பெருத்து, கோணி, கறுத்துப்போகின்றன. கடைசியில் பூச்சு முழுக்கப் புற்றுச் செல்களே நிற்கின்றன, ஆனால் அடித்தளச் சவ்வு இன்னும் அறுபடவில்லை. உள்வீட்டுக்காரன் திருடனாகிவிட்டான், சுவர் மட்டும் அப்படியே. அவனுக்கு அடுத்த நிலை என்ன என்பது எங்களுக்கு ஸ்லைடில் நன்றாகத் தெரியும்: சவ்வின் ஓரிடத்தில் ஒரு நாக்கு நீளும். அந்த நாக்கு குருத்தெலும்பு வளையங்களைக் கடிக்க முடியாமல், இரண்டு வளையத்துக்கு நடுவே உள்ள சந்து பார்த்து வெளியேறும். குருத்தெலும்பு கத்தியிலேயே நறநறக்கும் பொருள். புற்றும் அதை மதிக்கிறது.

ஒருவருக்கு ஒரு கட்டி இருந்தாலும், அந்த மாற்றங்கள் கட்டியில்லாத கிளைகளிலும் பரவலாகக் கிடந்தன. மறுவருஷமே அவர்பாக் குழு புகைப்பதை விட்டவர்களின் பூச்சையும் பார்த்தது. மாற்றங்கள் குறைந்து, நல்ல பூச்சு திரும்பிக்கொண்டிருந்தது. 1970 பிப்ரவரியில் அவர் வேறொன்றையும் அறிவித்தார்: 86 பீகிள் நாய்களை வைத்து நடத்திய சோதனையில், தொண்டைத் துளை வழியே சிகரெட் புகை கொடுக்கப்பட்டவற்றில் 12 நாய்களுக்கு ஊடுருவும் புற்று. புகையிலைத் தொழில்துறை கொதித்தது. ஸ்லைடுகளை வெளியாரும் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு நாய்களை நினைத்தால் வயிறு பிசையும். ஆனாலும் உலகத்தின் பெரும்பணக்காரத் தொழில் ஒன்று, யாரோ ஒரு டெக்னீஷியன் வெட்டிய கண்ணாடித் துண்டில் சுவர் உடைந்ததா இல்லையா என்று மல்லுக்கு நின்ற காலம் அது என்பதை மறக்க முடியவில்லை.

மேடம் கேட்ட எலாஸ்டிக் சாயத்துக்கு வருகிறேன். நுரையீரல் ஊதிச் சுருங்குவது மீள்நார்களால்தான். காற்றறைச் சுவர் ஒவ்வொன்றிலும் அந்த நார் உண்டு. நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையிலும் ஒரு வரிசை உண்டு. வழக்கமான ஊதா ரோஜாவில் அது கண்ணுக்கு அகப்படாது. வைகர்ட் 1898இல் ஒரு சாயம் செய்தார். 1908இல் போஸ்டனின் வெர்ஹாஃப், அவர் கண் நோயியலாளர், இன்னொன்று. எங்கள் லேபில் வெர்ஹாஃப்தான். ஹெமடாக்ஸிலின் 20 பங்கு, ஃபெர்ரிக் குளோரைடு 8, அயோடின் 8. அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். இரும்பும் மரச்சாயமும் சேர்ந்தால் கறுப்பு. கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்குப் புதிதல்ல. முதலில் ஸ்லைடு முழுக்கக் கரியாகிவிடும். பிறகு நீர்த்த ஃபெர்ரிக் குளோரைடில் முக்கி முக்கி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, நார் மட்டும் கறுப்பாக நிற்கும் நொடியில் நிறுத்த வேண்டும். மேலே வான் கீசன் சாயம்: கொலாஜன் சிவப்பு, மற்றதெல்லாம் மஞ்சள். அப்பா பார்த்திருந்தால் மூன்று நிறப் புடவை என்றிருப்பார்.

நிறுத்தும் நொடியை நான் ஒருமுறை தவறவிட்டேன். 1987 அல்லது 88. போன் மணி அடித்தது, எடுக்கப் போனேன். வந்து பார்த்தால் நார் அத்தனையும் வெளுத்துப்போய்க் கிடந்தது. வான் கீசனில் உள்ள பிக்ரிக் அமிலம் மிச்சத்தையும் கழுவிவிட்டது. மேடம் அந்த ஸ்லைடைப் பார்த்து, உறையின் நார் வரிசை இல்லை, புற்று உடைத்துப் போய்விட்டது என்று எழுத இருந்தார். பேனா காகிதத்தில் பட்ட பிறகுதான் என்னவோ உறுத்தி, "இதுல ரத்தக்குழாய்ச் சுவர்லயும் நார் காணோமே?" என்றார். ரத்தக்குழாயில் நார் இல்லாமல் இருக்காது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். திரும்ப வெட்டி, திரும்பச் சாயமேற்றினேன். நார் வரிசை முழுசாக, கறுப்புக் கம்பிபோல, புற்றுக்கு மேலே நின்றது. மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட சின்னக் கட்டியாக இருந்தாலும் அந்தக் கம்பியைத் தாண்டிவிட்டால் ஒரு படி மேலே போட்டுவிடுவார்கள். அன்று முதல் வெர்ஹாஃப் போடும்போது போன் அடித்தால் நான் எடுப்பதில்லை.

மூச்சுக்குழலை விட்டு விலகி, நுரையீரலின் ஓரத்தில் வரும் அடினோகார்சினோமாதான் இந்தச் சாயத்துக்குச் சரியான சோதனை. அதன் செல்கள் காற்றறைச் சுவரின்மேல் ஒன்றை ஒட்டி ஒன்றாக, கட்டை வரிசைபோல அமர்ந்து, அறை விட்டு அறை போகும். சுவரை இடிப்பதில்லை, வாடகைக்கு வந்தவன் மாதிரி சுவரோடு ஒட்டியே குடியிருக்கும். இதற்கு லெபிடிக் வளர்ச்சி என்று பேர். மான்ட்ரியலின் ஜான் ஜார்ஜ் அடாமி கட்டிகளை வகைப்படுத்த உருவாக்கிய சொல். பட்டாம்பூச்சி வேலியில் உட்கார்ந்ததுபோல் என்று டாக்டர்கள் மாணவர்களுக்கு விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். கிரேக்க மூலத்துக்குச் செதில் என்றுதான் பொருளாம். பட்டாம்பூச்சிக்கும் அந்தப் பேர் சிறகில் செதில் இருப்பதால் வந்தது. ஆனாலும் வேலிப் பட்டாம்பூச்சி நல்ல உவமைதான், யார் சொன்னாலும்.

இந்த வகைக் கட்டியின் நடுவில் பெரும்பாலும் ஒரு தழும்பு இருக்கும். வெட்டும்போது கத்திக்குத் தெரியும். கரி படிந்து கறுத்த, இழுத்துச் சுருக்கிய இடம். பழைய காசநோயோ எதுவோ ஆறிய தழும்பு, அதிலிருந்து புற்று முளைக்கிறது என்று 1939இல் ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் எழுதினார். தழும்புப் புற்று என்று பேரே வந்துவிட்டது. நாற்பது வருஷம் அதுதான் பாடம். 1980இல் டோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் ஷிமோசாட்டோவும் கூட இருந்தவர்களும் கதையைத் தலைகீழாக்கினார்கள். தழும்பு புற்றைப் பெறவில்லை, புற்றுதான் தழும்பைப் பெற்றது என்றார்கள். சுவரைக் கறுப்பாக்கிக் காட்டும் சாயம் அதை நம்ப வைத்தது. நடுவில் இருந்த நார்கள் வேறெங்கோ போய்விடவில்லை. அங்கேயே மடிந்து, குவிந்து, நசுங்கிய கொசுவலையாகக் கிடந்தன. காற்றறைகள் வெடித்துப்போகாமல் சரிந்து படுத்திருந்தன. வீடு இடிக்கப்படவில்லை, கூரை உட்கார்ந்துவிட்டது.

அதே மையத்தில் நோகுச்சி 1995இல் 236 சின்னக் கட்டிகளை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாதவற்றை, எடுத்து அடுக்கினார். சுவரைப் பிடித்துப் படர்வது மட்டும் ஒரு வகை. படர்ந்து, காற்றறை சரிந்து மடிந்தது இன்னொரு வகை. இந்த இரண்டிலும் ஐந்து வருஷம் கழித்து எல்லா நோயாளிகளும் உயிரோடு இருந்தார்கள், ஒருவர்கூட விடாமல். மூன்றாவது வகையில் சரிந்த இடத்துக்குள் நார்ச்செல்கள் புதிதாக முளைத்துப் பெருகியிருந்தன. அவர்களில் நூற்றுக்கு 75 பேர்தான் மிஞ்சினார்கள். மடிந்த சுவருக்கும் உடைந்த சுவருக்கும் நடுவே இத்தனை உயிர். ஊதா ரோஜாவில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலச் சிவந்து கிடக்கும்.

புற்று சுவரை உடைப்பது எப்படி என்று வேதியியல்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். 1980இல் அமெரிக்காவில் லயோட்டா, புற்றுச் செல் அடித்தளச் சவ்வின் கொலாஜனைக் கரைக்கும் நொதியைச் சுரக்கிறது, அதிகம் பரவும் செல் அதிகம் சுரக்கிறது என்று காட்டினார். கன்னக்கோல் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் குதித்தார்கள். அந்தக் கோலைப் பிடுங்க மருந்து செய்து பார்த்ததில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. திருடனிடம் ஒரே ஒரு கோல்தான் இருக்கும் என்று நினைத்தது தப்பு.

2011இல் பன்னாட்டு மருத்துவர்கள் கூடி இதற்கெல்லாம் ஓர் அளவு வைத்தார்கள். ஊடுருவல் இல்லாமல் சுவரில் மட்டும் படர்ந்த மூன்று சென்டிமீட்டர் வரையிலான கட்டி, இருந்த இடத்துப் புற்று. ஊடுருவிய பகுதி 5 மில்லிமீட்டருக்குள் என்றால் சிறு ஊடுருவல். அதற்கு மேல் போனால்தான் முழுப்புற்று. பிறகு கட்டியின் அளவை எழுதும்போதே ஊடுருவிய பகுதியை மட்டும் அளந்து எழுதச் சொன்னார்கள். மேடம் ஓய்வு பெற்றுப் போய், அவரிடம் படித்த பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலம். எங்கள் லேபில் எலாஸ்டிக் கேட்பது திடீரென்று இரட்டிப்பாகிவிட்டது. கேம்பிரிட்ஜ் ராக்கிங் மைக்ரோடோம், டார்வினின் மகன் ஹோரஸ் 1885இல் வடிவமைத்தது, அது மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. சாணை பிடிக்கும் இரும்புக் கத்தி போய், தூக்கி எறியும் பிளேடு வந்திருந்தது. 5 மில்லிமீட்டரா 6 மில்லிமீட்டரா என்பது என் கையில் நிற்கும் ஃபெர்ரிக் குளோரைடில் இருந்தது.

என் கடைசி இரண்டு வருஷத்தில் ஒரு புதுத் தகராறு. கட்டியின் எல்லைக்கு அப்பால், நல்ல காற்றறைகளுக்குள், புற்றுச் செல்கள் கொத்துக் கொத்தாக மிதந்து கிடப்பதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதையும் ஒரு பரவல் முறையாக ஏற்றுக்கொண்டது. சுவரையே தொடாமல் காற்று வழியாகவே அடுத்த அறைக்குப் போகிறது. அப்படிச் செல்கள் கிடந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்றும் கணக்குக் காட்டினார்கள். வேறு சிலர், அது பரவலே இல்லை, நுரையீரலை அறுக்கும் நீளக் கத்தி கட்டிக்குள் போய்விட்டு வெளியே வரும்போது செல்லை இழுத்துவந்து நல்ல அறையில் சிந்திவிடுகிறது என்றார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு சுத்தமான கத்தி வைத்துப் பாருங்கள் என்றார்கள். சண்டை தீரவில்லை.

புது மேடம் அதைப் படித்துவிட்டு வந்த வாரம் ஒரு நுரையீரலின் மேல்மடல் வந்தது. மூச்சுக்குழல் வழியாக ஊசியால் ஃபார்மலின் ஏற்றி, பலூன் மாதிரி ஊதி, இரவு முழுக்கப் பஞ்சுப் போர்வையில் வைத்திருந்தேன். காலையில் அறுக்கும் மேஜையில் மேடம் நீளக் கத்தியை எடுத்து, கட்டிக்கு எதிர்ப்பக்கம், நல்ல பக்கத்திலிருந்து முதல் வெட்டைப் போட்டார். கத்தியின் மேல் பழுப்பாக ஈரம். "அக்கா," என்று என்னைப் பார்த்துக் கத்தியை நீட்டினார். ஒரு பக்கம் துடைத்தேன். துணியைத் திருப்பி மறுபக்கம் துடைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு புதுத் துணியால் ஓரத்தையும் துடைத்துவிட்டு, இரண்டாவது வெட்டுக்குக் கொடுத்தேன்.